சொந்த வாயால்

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். பேருந்து நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் பதினெட்டு வருடமாக மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவள். இரண்டு மணி நேரம் தாமதமாக வரும் வண்டியைக்கூடத் தேனொழுக அறிவித்துப் பழகிய தொண்டை அது. அவள் குரலைத் தணித்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பேச ஆரம்பித்தால், அவளைத் தெரிந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொள்வார்கள்.

சபைச் செயலாளர் நகர்த்தவில்லை. அவர் அவளுடைய தம்பியின் சாட்சித் தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் அவள் கைப்பேசி கிடந்தது. பத்து விநாடிக்கு முன்புதான் அதிலிருந்து 'டும் டும் டக்' என்று ஒரு தாளம் கேட்டு, அவரே அதை எட்டி நிறுத்தியிருந்தார்.

"எழுத்துல நான் குறை சொல்லல, சகோதரி. போன வாரம் படிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு. சபைப் பத்திரிகையில போடலாம்னுகூட பாஸ்டர்கிட்ட சொன்னேன். இது ஹிப் ஹாப்புன்னு யாரும் சொல்லலையே."

"அதே எழுத்துதான், ஐயா. ஒரு புள்ளிகூட மாறல."

"எழுத்து வேற, அதச் சொல்ற விதம் வேற."

பக்கத்து நாற்காலியில் போதகர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். அது அவருடைய வழக்கம். யார் பேசினாலும் ஆட்டுவார். இதைப் பார்த்தபோதே அக்காவின் குரல் ஒரு படி இறங்கியது.

இந்தச் சபையில் ஒரு விதி உண்டு. ஞானஸ்நானம் எடுப்பவர் தொட்டியில் இறங்குவதற்கு முன் எல்லோர் முன்னாலும் நின்று, தான் எப்படி விசுவாசத்துக்கு வந்தோம் என்று சொல்ல வேண்டும். விதிப் புத்தகத்தில் எட்டாவது விதி. 'ஞானஸ்நானம் பெறுபவர் தன் சொந்த வாயால் சபைமுன் சாட்சி கூற வேண்டும்.' புத்தகத்தை எழுதியது செயலாளர்தான். அட்டையில் அவர் பெயர் போதகர் பெயரைவிடப் பெரிதாக இருக்கும்.

தம்பிக்கு வாய் திக்கும். கொஞ்சநஞ்சம் இல்லை. தன் பெயரைச் சொல்வதற்குள் கேட்டவர் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். பத்தொன்பது வயதில் ஒரு தடவை சாட்சி சொல்ல ஏறினான். 'நான்' என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான். நின்றது நின்றதுதான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போதகர் மனம் பொறுக்காமல் "ஆமென்" என்று முடித்து, தோளில் தட்டி உட்கார வைத்துவிட்டார். இருபத்து நாலில் இன்னொரு தடவை. அன்று மேடைப் படியிலேயே திரும்பி வெளியே போய், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் வாந்தி எடுத்தான். இப்போது முப்பத்தொன்று. ஞானஸ்நானம் இல்லாதவருக்குத் திருவிருந்து கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு அப்பத் தட்டு வரிசையாக வரும்போது அவன் கையைத் தாண்டி அடுத்த கைக்குப் போகும். அவன் தலையைக் குனிந்துகொண்டு தட்டை ஒரு பக்கத்தில் வாங்கி மறுபக்கத்தில் கொடுப்பான். பன்னிரண்டு வருடமாக அக்கா அதைப் பக்கத்திலிருந்து பார்த்துவருகிறாள். ஒவ்வொரு தடவையும் அப்பம் அவளுக்குத் தொண்டையில் இறங்காது.

வழி பிறந்தது அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில். அங்கே தம்பிக்கு அட்டை வெட்டும் இயந்திரத்தில் வேலை. 'டும், டும், டக்' என்று வெட்டி, 'சர்ர்' என்று தள்ளும். எட்டு மணி நேரமும் அதே தாளம். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் கேசட்டு. பழைய கேசட்டு நாடா சிக்கிக்கொண்டால் ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டு நிற்குமே, அதனால். ஒரு நாள் மேற்பார்வையாளர் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் "எத்தனை ஆச்சு?" என்று கத்த, தம்பி தாளத்தோடு தாளமாக "நாநூறு முடிஞ்சது, நாப்பது பாக்கி, நாலு மட்டும் கிழிஞ்சது" என்று பதில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. திக்கவே இல்லை.

அதிலிருந்து இயந்திரத்தின் சத்தத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டுவந்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்தான். அக்கா முதலில் அதைக் கேட்டபோது, இந்த வயதில் யாரோடு சேர்ந்து கெட்டுப்போகிறானோ என்று நெருப்பாகத்தான் கதவைத் தட்டப் போனாள். தூக்கிய கை அப்படியே நின்றது. உள்ளே ஒரு ஆள் தங்குதடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தான். அது யார் குரல் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இதையெல்லாம் செயலாளரிடம் சொல்லியாகிவிட்டது. அவர் காதில் ஏறவில்லை.

"அந்தப் பாட்டு எங்கேருந்து வருதுன்னு தெரியுமா, சகோதரி? போதை, துப்பாக்கி, கெட்ட வார்த்தை. பாத்திரம் அழுக்கா இருந்தா உள்ள ஊத்துற பாலும் கெட்டுப்போகும்."

"நாம எல்லாரும் கழுவின பாத்திரம்தானே, ஐயா? கழுவறதுக்குத்தானே அந்தத் தொட்டி கட்டியிருக்கோம்?"

போதகர் தலையாட்டினார். செயலாளர் அவரை ஒரு பார்வை பார்க்க, ஆட்டம் நின்றது.

"ஆண்டவர 'நீ'ன்னு எழுதியிருக்கார். 'நீர்'னுகூட இல்ல. நண்பன கூப்பிடற மாதிரி."

"அவன் தனியா ஜெபம் பண்றப்ப எப்படிக் கூப்பிடறானோ அப்படி எழுதியிருக்கான். உங்களுக்கு எழுதின மனு இல்லையே இது."

"நாளைக்கு நாலு பசங்க தொப்பியத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்து எங்களுக்கும் மைக்கு குடுன்னு நிப்பாங்க. அப்ப என்ன செய்யறது?"

"மைக்கு குடுங்க. பின்வரிசையில ஒக்காந்து கைப்பேசி நோண்டிட்டுத்தானே இருக்காங்க இப்ப."

செயலாளர் சாட்சித் தாளை மேசைமேல் வைத்தார். அக்கா ஜெயித்துவிட்டாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேள்வி அவளிடம் தயாராகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போதகர் வாயைத் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை. சண்டை என்றால் அவருக்கு ஆகாது, அவ்வளவுதான்.

"எதுக்கு மனஸ்தாபம்? மோசேக்கும் வாய் திக்கத்தானே செஞ்சது? அவருக்குப் பதிலா அவரோட அண்ணன் ஆரோன் பேசலையா? நீங்க வாசிங்க, சகோதரி. ஒங்க குரலுக்கென்ன கொறச்சல்? இந்த ஊர் முழுக்க அந்தக் குரலக் கேட்டுத்தான் வண்டி ஏறுது. தம்பி பக்கத்துல நிக்கட்டும். சொந்த வாய்ங்கறத நாம கொஞ்சம் பெரிய மனசோட எடுத்துக்கலாம். என்ன, ஐயா?"

செயலாளர் யோசித்து, "அது சரியா வரும்" என்றார்.

அக்காவின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. ஆரோன் என்றதும் அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. எல்லோர் முன்னாலும் மேடையில், தன் குரலில், தம்பியின் எழுத்து. வாசிக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தழுதழுக்க வேண்டும் என்றுகூட மனம் அதற்குள் போய்விட்டது. இதைப் பிற்பாடு நினைத்து அவள் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள விரும்பினாள். அந்த நிமிடம் சொன்னதென்னவோ "சரி, பாஸ்டர்" என்றுதான்.

தம்பி வேலை முடிந்து வந்து அடுப்படி மேசையில் உட்கார்ந்தான். கை விரல் இடுக்கெல்லாம் அட்டைத் தூசி. அக்கா தேநீரை வைத்து, வாயெல்லாம் பல்லாக விஷயத்தைச் சொன்னாள்.

"பாட்டு வேணாம்கறாங்க. போகட்டும், விடு. நானே வாசிக்கறேன்னு முடிவாயிருக்கு. நீ பக்கத்துல நின்னா போதும். ஞாயித்துக்கிழமை தொட்டியில எறங்கிடலாம்."

தம்பி அவளையே பார்த்தான்.

"நா... நா... நான் வ... வ..."

"வரேங்கற. தெரியும்டா. வெள்ளச் சட்டை நானே தேச்சு வைக்கறேன்."

தம்பி மேசையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். தேநீர் துள்ளிச் சிந்தியது. முப்பத்தொரு வருடத்தில் அவன் அவள் முன்னால் கை ஓங்கியதில்லை, மேசையின் மேல்கூட. கோபம் வந்தால் அவனுக்கு வாய் சுத்தமாகப் பூட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. அக்கா பழக்க தோஷத்தில் அவனுக்காக ஏதோ சொல்ல மறுபடி வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். பிறகு ஸ்பூனை எடுத்து மேசை விளிம்பில் தட்ட ஆரம்பித்தான். டும், டும், டக். டும், டும், டக்.

"வரலன்னு சொல்ல வந்தேன், வரேன்னு நீ முடிச்ச,
முப்பது வருசமா என் பேச்ச நீயே படிச்ச."

ஸ்பூன் நிற்கவில்லை.

"டைப்பு நீதான் அடிச்சுக் குடுத்த, தப்பு நீதான் பாத்த,
நாலாவது வரி மட்டும் யாருன்னு நெனச்ச?"

ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அறைந்து சாத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

அக்கா கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். சபைக் குழுவுக்குக் கொடுக்க அதைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று தடவை பிழை பார்த்திருந்தாள். மூன்றாவது வரியில் நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்த நாலு பேர் மேல் அவளுக்கு அன்றே ஆத்திரம் வந்தது. நாலாவது வரியில் ஆத்திரம் வர எதுவும் இல்லை என்று தாண்டிப் போயிருந்தாள்.

'பாவப்பட்டு, பாசத்துல, பாதியில முடிச்சாங்க.'

பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் கேட்டால் அவள் சொல்லியிருக்கிறாள். மருத்துவரிடம் எங்கே வலி என்று அவள் சொல்லியிருக்கிறாள். தொழிற்சாலை நேர்காணலுக்குக்கூடக் கூடவே போய், 'நல்லா வேல செய்வான் சார்' என்று அவள்தான் சொன்னாள். ஒரு தடவை பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் அவனிடம் கேட்ட கேள்விக்கும் அவளே பதில் சொல்ல, அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டது. வந்த வழியெல்லாம் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தாள். சிரித்தவர்களாவது நாலு நிமிடம் சிரித்துவிட்டுப் போனார்கள். இவள் ஆயுசுக்கும் அவன் வாயில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

கோபம் வந்தால் திட்ட யாராவது வேண்டும் அவளுக்கு. அன்று ஆள் அகப்படவில்லை. சிந்திய தேநீரைத் துடைத்துத் துடைத்து மேசையின் பூச்சே போய்விடும்போல் ஆனது.

அடுத்த மூன்று நாளும் இருவரும் பேசவில்லை. ஞாயிறு காலை அவள் எழுந்து வந்தபோது தம்பி தன் வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தான். வருகிறாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதிலையும் தானே சொல்லிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவனும் வந்து மாட்டிக்கொண்டான்.

ஆலயத்தில் மேடைப் பலகைகளை எடுத்துத் தொட்டியைத் திறந்துவைத்திருந்தார்கள். நீல ஓடு பதித்த தொட்டி. முந்தின நாளே குழாய்த் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். இறங்கும் படியில் வளைத்துப் போட்ட எஃகுக் கைப்பிடி. முதல் வரிசையில் செயலாளர், பளபளக்கும் கறுப்புக் காலணியோடு.

மற்ற இருவர் சாட்சி சொல்லி முடித்தார்கள். செயலாளர் எழுந்து, "அடுத்த சகோதரருடைய சாட்சிய அவரோட அக்கா வாசிப்பாங்க" என்று அறிவித்துவிட்டு, மைக்கைத் தாங்கியில் சரிசெய்து கொடுத்தார். தம்பி வெள்ளை அங்கியோடு படிக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றான். அப்பத் தட்டு தாண்டிப் போகும்போது குனியும் அதே தலை.

அக்கா தாளைப் பிரித்தாள். மைக்கில் அவள் மூச்சுக் கேட்டது. பிறகு தாளை நாலாக மடித்தாள்.

"இந்தச் சபைக்கு ஒரு விதிப் புத்தகம் இருக்கு. எட்டாவது விதி, சாட்சிய அவங்கவங்க சொந்த வாயால சொல்லணும். இது என் வாய். அவன் வாய் அங்க இருக்கு."

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்கள், அவள் ஏதோ வண்டி நேரம் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அத்தனை தணிந்த குரல். மைக்கைத் தாங்கியிலிருந்து உருவி, தம்பியின் பக்கம் நீட்டினாள்.

செயலாளர் எழுந்தார். "சகோதரி, குழு முடிவு பண்ணினது..."

"குழு முடிவுக்கு நானும் தலையாட்டினேன், ஐயா. நான் ஆட்டினது தப்பு. அவன யாரும் கேக்கல, நானும் கேக்கல. விதிய எழுதினது நீங்க. ஒண்ணு விதியக் கிழிங்க, இல்ல அவனப் பேச விடுங்க."

போதகர் தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி... சுருக்கமா சொல்லட்டும்" என்றார்.

"சுருக்கமா சொல்றதுக்குத்தான் அவனுக்கு முப்பது வருசம் ஆகியிருக்கு, பாஸ்டர்."

தம்பி நிமிர்ந்தான். மைக்கை வாங்கினான். செயலாளர் விறுவிறுவென்று சுவரோரம் போய் ஒலிபெருக்கியின் பொத்தானை அணைத்தார். தம்பி அதைப் பார்த்தான். மைக்கைத் தரையில் வைத்தான். எஃகுக் கைப்பிடியை விரல் முட்டியால் தட்டினான். டும், டும், டக். குழாய்க்குள் அந்தச் சத்தம் ஓடி, ஆலயம் முழுக்கக் கேட்டது.

"பேரு என்னன்னு கேட்டா தொண்டையில பூட்டு,
ஊரு எனக்கு வச்ச பேரு சிக்கிக்கிட்ட கேசட்டு.
நாக்கு நின்ன எடத்துல நாலு பேரு சிரிச்சாங்க,
பாவப்பட்டு, பாசத்துல, பாதியில முடிச்சாங்க.
எல்லாருக்கும் அவசரம், எனக்குள்ள ஒரு வாக்கியம்,
ஆண்டவா, நீ காத்திருந்த, அதுதான் என் பாக்கியம்."

நாலாவது வரியில் அவன் அக்காவைப் பார்த்தான். அவளும் பார்வையைத் திருப்பவில்லை. அது தனக்கு வர வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டாள்.

மொத்தம் இருபத்து நாலு வரி. எல்லோரும் உருகிப்போனார்கள் என்றெல்லாம் சொல்ல முடியாது. இரண்டு குடும்பம் எழுந்து வெளியே போனது. ஒரு பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டார், பிறகு ஒரு காதை மட்டும் திறந்துகொண்டார். பின்வரிசையில் கைப்பேசிகள் இறங்கின. பழக்கத்தில் யாரோ தவறான இடத்தில் "ஆமென்" சொன்னார்கள். அதற்காகத் தம்பி ஒரு தட்டுக் காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை.

முடித்துவிட்டுப் படியில் இறங்கினான். அக்கா தன் இடத்துக்குத் திரும்பி, இரண்டாவது வரிசையில் நின்றுகொண்டாள். அங்கி மிதக்காதிருக்க ஓரத்தில் தைத்திருந்த ஈயக்கட்டி அதைத் தண்ணீருக்குள் இழுத்தது. போதகர் வழக்கப்படி அவன் இரண்டு கைகளையும் மார்பின் மேல் மடித்து, தன் இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். இயேசு கிறிஸ்துவை உன் இரட்சகராக விசுவாசிக்கிறாயா?

'விசுவாசிக்கிறேன்.' ஒரே சொல். அதற்கு யாரும் தாளம் யோசித்து வைத்திருக்கவில்லை. தட்டலாம் என்றால் கை போதகரிடம் இருந்தது.

"வி... வி... வி..."

அக்கா கூண்டில் உட்கார்ந்து விநாடி எண்ணிப் பழகியவள். ஐந்து. எட்டு. பதினொன்று. தண்ணீர் அவன் நடுக்கத்தில் சலசலத்தது. பத்தொன்பது வயதில் நின்ற அதே இடத்தில் மறுபடி நின்றுகொண்டிருந்தான். சுவரோரம் நின்ற செயலாளர் தன் இடத்துக்கு வந்து, 'நான்தான் சொன்னேனே' என்ற முகத்தோடு உட்கார்ந்தார். அக்காவின் நாக்கு நுனியில் அந்தச் சொல் முழுசாக வந்து உட்கார்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினாள். போதகரின் வாய் திறந்தது.

"விசுவா..."

"பாஸ்டர்." அவள் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் ஆலயம் முழுக்கக் கேட்டது. "யாரும் சொல்லிக் குடுக்காதீங்க. அவன் சொல்வான்."

போதகர் வாயை மூடினார். அக்கா குனிந்து, முன்னாலிருந்த பெஞ்சின் பலகையை உள்ளங்கையால் அறைந்தாள். மூன்று நாள் கோபமும் அந்தக் கையில்தான் இருந்தது. டும். டும். டக். தாளம் கொஞ்சம் பிசகியது, பிறகு சரியானது. தம்பி கண்ணை மூடினான். இரண்டு சுற்று விட்டான். மூன்றாவது சுற்றில் ஏறிக்கொண்டான்.

"விசு, வாசிக், கிறேன்."

நாலாவது தட்டுக்குக் காத்திராமல் போதகர் அவனைச் சாய்த்துவிட்டார். அவருக்கும் அவசரம். ஆறடி ஆள் மல்லாந்து விழ, தொட்டி நிரம்பி விளிம்பைத் தாண்டிய தண்ணீர் தரையில் ஓடி முதல் வரிசைக்கு வந்தது. செயலாளர் காலைத் தூக்குவதற்குள் கறுப்புக் காலணி இரண்டும் நனைந்துவிட்டன. அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

அக்கா கேட்கவில்லை. சிவந்திருந்த உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தம்பி மேலே வந்து மூச்சு வாங்கி என்ன சொல்லப்போகிறான் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.